திடலும் சங்கமும்: அயர்லாந்தின் ஹர்லிங்கும் ஜொகூர்த் தமிழரின் சடுகுடுவும்

தாயகம் விட்டுப் பிற நாட்டில் குடியேறும் ஓர் இனம் தன்னோடு எவற்றை எடுத்துச் செல்கிறது? மொழி, சமயம், உணவு, சடங்கு என்று நாம் உடனே விடை கூறுவோம். இவற்றைப் பற்றி நூல்களும் கட்டுரைகளும் பல எழுந்துள்ளன. அவ்வினத்தோடு கப்பலேறிய விளையாட்டைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் சிலரே. விளையாட்டுத்தானே என்னும் அலட்சியம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் முல்லைக்கலியில் ஏறு தழுவுதலைப் பாடிய புலவரும், பட்டினப்பாலையில் புகார் நகரத்து மணல்மேட்டு மற்போரைக் காட்டிய புலவரும் அதனை அலட்சியமாகக் கருதவில்லை. ஒரு மக்களின் வாழ்வைக் கூறும்போது அவர்தம் ஆட்டத்தையும் கூறவேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

அண்மைக் காலத்தில் ஜொகூர் பாருவில் அயர்லாந்து நாட்டவர் கூடி ஒரு கேலிக் விளையாட்டுக் கழகம் அமைத்தனர். பிழைப்புக்காக வந்து சில ஆண்டுகள் மட்டும் தங்கிச் செல்லும் அவர்களின் எண்ணிக்கை மிகச் சிறியது. அதே ஜொகூரில் நூறாண்டுக்கு மேலாகத் தமிழர் வாழ்கின்றனர். காடழித்துப் பால்மரம் நட்டவர்கள் அவர்கள். அவர்கள் கொண்டுவந்த சடுகுடுவும் சிலம்பமும் எந்நிலையில் உள்ளன? சிறு கூட்டத்தார் தம் ஆட்டத்தைக் கடல் கடந்து காத்த வகை யாது? பெருங்கூட்டத்தார் தம் ஆட்டத்தைத் தோட்டத்துத் திடலிலேயே விட்டுவர நேர்ந்தது எதனால்? இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துக் காண்பது நமக்குப் பயன் தரும்.

ஓர் ஆசிரியர் தொடங்கிய சங்கம்

ஹர்லிங் என்பது அயர்லாந்தின் தொன்மையான ஆட்டம். ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்ற மட்டையால் சிறு பந்தினை அடித்தும் ஏந்தியும் ஆடுவது. அணிக்கு 15 பேர். பந்து கம்பத்தின் குறுக்குச் சட்டத்திற்குக் கீழே சென்றால் மூன்று புள்ளிகள். மேலே சென்றால் ஒரு புள்ளி. இதனோடு உடன்பிறந்ததாகக் கேலிக் காற்பந்து என்னும் ஆட்டமும் உண்டு. அதில் காலோடு கையையும் பயன்படுத்தலாம். ஆங்கிலேயர் ஆட்சி இவ்வாட்டத்தை ஐயத்தோடு நோக்கிய காலமும் இருந்தது. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஹர்லிங் ஆடலாகாது என்று 1366-ஆம் ஆண்டிலேயே கில்கென்னிச் சட்டம் விதித்தது. ஆள வந்தவன் ஆளப்படுவோனின் ஆட்டத்தில் கலந்துவிட்டால், ஆட்சியின் எல்லைக்கோடு அழிந்துவிடும் என்னும் அச்சமே அச்சட்டத்தின் உட்பொருள்.

19-ஆம் நூற்றாண்டில் இவ்வாட்டம் நலிந்தது. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் அழுகியதால் நேர்ந்த பெரும் பஞ்சம் ஏறத்தாழ 10 லட்சம் உயிர்களைக் குடித்தது. ஏறத்தாழ அதே அளவினரை நாட்டைவிட்டு ஓடச் செய்தது. ஊர்கள் வெறிச்சோடின. ஆடுவோர் இல்லாத ஊரில் ஆட்டம் ஏது? அப்பஞ்சத்தின் கொடிய ஆண்டாகிய 1847-இல் கிளேர் மாவட்டத்தில் பிறந்தவர் மைக்கேல் கியூசாக். அவர் ஒரு பள்ளியாசிரியர். டப்ளினில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி, அரசுப் பணித் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தவர். ஆங்கிலேயரின் ரக்பியையும் கிரிக்கெட்டையும் தாமே ஆடியவர். அதனாலேயே, விதிநூலும் சங்கமும் உடைய ஆட்டம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார். தம் ஊர் ஆட்டத்திற்கு அவ்விரண்டும் இல்லை என்பதையும் உணர்ந்தார்.

1884-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், டிப்பரேரி மாவட்டத்துத் தர்ல்ஸ் ஊரில், ஹேய்ஸ் விடுதியின் ஓர் அறையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடினர். கியூசாக்கும், புகழ்பெற்ற தடகள வீரர் மாரிஸ் டேவினும் முன்னின்று கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். டேவின் முதல் தலைவரானார். பேராயர் குரோக் புரவலராக இசைந்தார். 1887-இல் அனைத்து அயர்லாந்துப் போட்டி தொடங்கிற்று. கியூசாக் இரண்டாண்டுகளுக்குள் செயலாளர் பதவியை இழந்தார். ஆயினும் சங்கம் நின்றது. நிறுவியவர் நீங்கியபின்னும் நிலைப்பதே சங்கத்தின் இலக்கணம்.

இச்சங்கத்தின் அமைப்பே அதன் வலிமை. ஒவ்வொரு தேவாலயப் பங்கும் ஒரு கழகம். கழகங்கள் பல சேர்ந்து மாவட்டம். மாவட்டங்கள் சேர்ந்து நாடு. பிறந்த ஊரின் கழகத்திற்கே ஒருவன் ஆடுவான். எவ்வளவு பெரிய வீரனானாலும் ஆட்டத்திற்கு ஊதியம் இல்லை. இவ்விதி இன்றும் தொடர்கிறது. ஆகவே ஆட்டம் ஊரோடு பிணைந்தது. ஊர்ப்பற்று ஆட்டத்தைக் காத்தது.

அடக்குமுறையும் அதனை அசைக்கவில்லை. 1920-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், டப்ளின் குரோக் பார்க் திடலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆங்கில அரசின் படையினர் சுட்டதில் 14 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் டிப்பரேரி அணியின் ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். அத்திடலின் ஒரு பெரும் பார்வையாளர் மாடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கடல் கடந்த ஆட்டம்

பஞ்சத்திற்குத் தப்பி ஓடிய ஐரிஷ் மக்கள் பெரும்பாலும் அமெரிக்கா சேர்ந்தனர். துறைமுகத்திலும் கட்டடப் பணியிலும் சுரங்கத்திலும் உழைத்தனர். 1888-இல் சங்கம் தன் வீரர்களை அமெரிக்காவிற்கு அனுப்பிக் காட்சி ஆட்டங்கள் நடத்தியது. அம்முயற்சி பொருளளவில் பெருந்தோல்வி. சென்ற வீரருள் பலர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டனர். ஆனால் தங்கியவர் ஆட்டத்தையும் அல்லவா அங்கே தங்கச் செய்தனர்! 1914-இல் நியூயார்க்கில் கேலிக் விளையாட்டுச் சங்கக் கிளை முறையாக அமைந்தது. 1920-களில் பிராங்ஸ் பகுதியில் அவர்களுக்கென ஒரு திடலும் கிடைத்தது. கெர்ரியிலிருந்து வந்தவர் கெர்ரி அணி. கேவனிலிருந்து வந்தவர் கேவன் அணி. தாயகத்து மாவட்டங்கள் அட்லாண்டிக் பெருங்கடலின் மறுகரையில் மீண்டும் உயிர்பெற்றன.

ஊர் புதிதாக வந்த இளைஞனுக்கு அக்கழகம் விளையாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. வேலை எங்கே கிடைக்கும், தங்கும் அறை எங்கே கிடைக்கும் என்று கேட்டறியும் இடமும் அதுவே. ஞாயிற்றுக்கிழமைத் திடலில் அவன் தன் ஊர்ப் பேச்சைக் கேட்டான். இங்ஙனம் கழகம் குடியேறியவனுக்குத் தாய்வீடாயிற்று.

1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் நடந்த நிகழ்ச்சி இதன் உச்சம். கொடும்பஞ்ச ஆண்டின் நூறாம் ஆண்டு நினைவாக, அனைத்து அயர்லாந்துக் காற்பந்து இறுதியாட்டம் அவ்வொரு முறை மட்டும் நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ் திடலில் நடைபெற்றது. கேவன் அணி கெர்ரி அணியை வென்றது. மைக்கேல் ஓஹெஹிர் வானொலியில் வருணனை அளித்தார். தொலைபேசி இணைப்புக்கு வாங்கிய நேரம் ஆட்டம் முடியுமுன் தீரப்போவதை அறிந்து, இன்னும் ஐந்து நிமிடம் தருமாறு ஒலிபெருக்கியிலேயே அவர் மன்றாடினார். கேட்டது கிடைத்தது. அயர்லாந்தின் சிற்றூர்களில் வானொலியைச் சூழ்ந்திருந்தோர், தம் பிள்ளைகள் குடியேறிய நகரத்தில் தம் ஆட்டம் முடிந்த முடிவைக் கேட்டறிந்தனர். பஞ்சம் பிரித்த இரு கரைகளை ஓர் ஆட்டம் ஒரு மாலைப்பொழுதேனும் இணைத்தது.

ஆசியாவிற்கு இவ்வாட்டம் வந்தது பிற்காலத்தில். 1996-இல் மணிலாவில் முதல் ஆசியக் கேலிக் விளையாட்டுப் போட்டி நடந்தது. திடலும் ஆளும் குறைவாதலால் ஆசியாவில் அணிக்கு ஒன்பது பேர் என்று சுருக்கிக்கொண்டனர். கோலாலம்பூர்க் கழகம் தனக்கு ‘ஓராங் ஏரே’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. மனிதர் என்னும் மலாய்ச் சொல்லையும் அயர்லாந்தின் ஐரிஷ் பெயரையும் இணைத்த பெயர் அது. 2008-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் அயர்லாந்து இளைஞர் மீண்டும் பெருமளவில் நாடு நீங்கினர். ஆசியப் பள்ளிகளுக்கு ஆசிரியராக வந்தவர் பலர். அவர்கள் சென்ற இடமெல்லாம் கழகம் முளைத்தது. ஜொகூர் பாருக் கழகமும் அவ்வரிசையில் ஒன்று. இக்கழகங்களில் ஐரிஷ்காரர் மட்டுமின்றிப் பிற நாட்டவரும், ஆடவரும் பெண்டிரும் ஆடுகின்றனர். புதிதாக வந்த பத்துப்பேர் ஒரு கழகம் தொடங்க முடிகிறதென்றால், அவர்களுக்குப் பின்னே விதிநூலும் தாய்ச்சங்கமும் போட்டி அட்டவணையும் ஆயத்தமாக நிற்பதே காரணம்.

டயரும் தோட்டமும்

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். வியப்பு யாதெனில், நம் வரலாற்றின் ஒரு நுனியும் அயர்லாந்தையே தொடுகிறது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். மறு ஆண்டே டப்ளினில் டயர் உற்பத்தி நிறுவனம் எழுந்தது. சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் பெருகப் பெருக, உலகின் ரப்பர் வேட்கையும் பெருகிற்று. அவ்வேட்கைதான் மலாயாக் காடுகளைப் பால்மரத் தோட்டங்களாக்கியது. 1909-இல் ஜொகூர் ஊடாக இருப்புப்பாதை முடிவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் ஆகிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் விரிந்தன. அத்தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது நம் முன்னோர் கப்பலேறினர்.

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுற்றது. கங்காணி முறை 1938-இல், இந்திய அரசின் தடையால் நின்றது. இவ்வழிகளில் வந்த தமிழர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் சிற்றூர் மக்கள். அவர்களோடு ஊர்த் தெய்வம் வந்தது, தெம்மாங்கு வந்தது, சடுகுடுவும் சிலம்பமும் உறியடியும் வழுக்குமரமும் வந்தன. பொங்கல் நாளிலும் கோயில் திருவிழாவிலும் தோட்டத்துத் திடல் தமிழ்நாட்டு ஊர்மந்தை ஆயிற்று. விடியுமுன் பால்வெட்டச் சென்று, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துத் திரும்பிய இளைஞருக்கு மாலைப்பொழுது ஒன்றே சொந்தப்பொழுது. அப்பொழுதில் மூச்சடக்கிப் பாடி எதிரணிக்குள் நுழைந்தவனைத் துரையும் கிராணியும் ஏவ முடியாது. நாள் முழுதும் பிறர் சொற்படி அசைந்த உடல், அந்த ஒரு நாழிகை தன் விருப்பப்படி அசைந்தது. தோட்டத்து ஆட்டத்தின் உண்மைப் பொருள் இதுவேயாகும்.

சிலம்பம் வேறு வகையால் வாழ்ந்தது. மூங்கில் கம்பும், காலடிச் சுவடும், வீச்சும் ஆசானிடம் நேரில் கற்க வேண்டியவை. ஆசான் இருந்த தோட்டத்தில் சிலம்பம் இருந்தது; ஆசான் வேறு தோட்டம் சென்றால் சிலம்பமும் உடன் சென்றது. எழுத்தில் ஏறாத கலை ஒருவரின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டிருந்தது.

சங்கம் இருந்த இடமும் ஆட்டம் இருந்த இடமும்

மலாயாத் தமிழர் விளையாட்டுச் சங்கமே அமைக்கவில்லை என்று கூறிவிட முடியாது. 1914-ஆம் ஆண்டு, நியூயார்க்கில் ஐரிஷ்காரர் சங்கம் அமைத்த அதே ஆண்டில், கோலாலம்பூரில் யாழ்ப்பாணத் தமிழர் தமிழர் உடற்பயிற்சிச் சங்கத்தை நிறுவினர். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகப் பணியாற்றிய ஆங்கிலம் கற்ற வகுப்பினர் அவர்கள். பெயரில் தமிழ் இருந்தது. ஆயினும் அச்சங்கம் பெயர் பெற்றது காற்பந்திலும் ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும்.

இதனைக் குறையாகக் கூறுவது எளிது. காரணத்தை அறிவதே முறை. விளையாட்டுக்கு எதிரணி வேண்டும். அக்காலக் கோலாலம்பூரில் சீனருக்கு ஒரு கழகம், மலாய்க்காரருக்கு ஒரு கழகம், யூரேசியருக்கு ஒரு கழகம், ஐரோப்பியருக்கு ஒரு கழகம் என்று இனவாரியாகக் கழகங்கள் இருந்தன. அவற்றோடு மோதுவதற்கு எல்லாரும் அறிந்த ஆட்டமே உதவும். அவை ஆங்கிலேயரின் ஆட்டங்கள். சமமாக மதிக்கப்பட வேண்டுமாயின் அவர்களின் ஆட்டத்தில் அவர்களை வெல்ல வேண்டும் என்னும் தன்மான உணர்வும் அதில் கலந்திருந்தது.

ஆனால் விளைவு யாது? சங்கம் அமைக்கத் தெரிந்தவர் நகரில் இருந்தனர். நாட்டார் ஆட்டத்தை ஆடியவர் தோட்டத்தில் இருந்தனர். இருவருக்கும் இடையே ஊரும் வகுப்பும் கல்வியும் வேலியாக நின்றன. அயர்லாந்தில் கியூசாக் என்னும் ஆசிரியர் அவ்வேலியைத் தாண்டினார். கிராமத்து ஆட்டத்தை எடுத்து நகரத்து விதிநூலில் ஏற்றினார். மலாயாவில் அக்காலத்தில் அத்தகைய பாலம் எழவில்லை.

மற்றொரு வேறுபாட்டையும் நாம் மறத்தலாகாது. ஐரிஷ்காரர் நியூயார்க்கில் தம் கைப்பொருள் திரட்டித் திடல் தேடிக்கொண்டனர். தோட்டத்துத் தமிழனின் திடல் நிறுவனத்திற்கு உரியது. அவன் வீடாகிய லயமும் நிறுவனத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் திடலும் ஒருங்கே போயின. ஜப்பானியர் ஆட்சியில் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டனர். போருக்குப் பின் 1950-களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர் துண்டாடினர். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். தொழிலாளர் தெருவில் நிற்பதைத் தடுக்கத் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தோட்டங்களை வாங்கினார். பின்னர்ச் செம்பனை வந்தது, ஆள்தேவை குறைந்தது. தொழிற்பேட்டைகள் எழுந்தன. மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். கோயிலைப் பெயர்த்துக் கொண்டுவரப் போராடியோர் உண்டு. திடலை எவர் பெயர்த்துவர இயலும்?

பெருமையும் வேலியும்

பொது ஆட்டங்களில் நம்மவர் கண்ட வெற்றியைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மு. ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்றார். மு. ராஜாமணி பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கியில் நான்காம் இடம் பெற்ற மலேசிய அணிக்கு ஸ்ரீ சண்முகநாதன் தலைமை தாங்கினார். காற்பந்தில் கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை அறியாத மலேசியர் அக்காலத்தில் இல்லை. இவர்கள் தமிழருக்கு மட்டுமின்றி நாட்டுக்கே உரியவர்கள்.

தன் ஆட்டத்தைக் காப்பதென்றால் பிற ஆட்டத்தை வெறுப்பதன்று. இதனையும் அயர்லாந்தே நமக்குக் கற்பிக்கிறது. கேலிக் சங்கம் ‘அந்நிய’ ஆட்டங்களை ஆடவும் காணவும் தன் உறுப்பினருக்குத் தடை விதித்திருந்தது. ஐரிஷ் மொழியைக் காக்க 1893-இல் கேலிக் லீக்கை நிறுவியவரும், அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவருமான டக்ளஸ் ஹைட், 1938-இல் ஒரு பன்னாட்டுக் காற்பந்தாட்டத்தைக் காணச் சென்றார். அதற்காகச் சங்கம் அவரைப் புரவலர் நிலையிலிருந்து நீக்கிற்று. மொழிக்காக வாழ்ந்தவரையே வெளியேற்றிய விதி எத்தகைய விதி! அத்தடை 1971-இல் நீங்கியது. 2007-இல், 14 பேர் உயிரிழந்த அதே குரோக் பார்க்கில் இங்கிலாந்து ரக்பி அணி வந்து ஆடியது; இங்கிலாந்தின் நாட்டுப்பண் அமைதியாகக் கேட்கப்பட்டது. ஆட்டத்தில் அயர்லாந்து பெருவெற்றி பெற்றது. வேலியை நீக்கியதால் ஹர்லிங் அழியவில்லை. 2018-இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலப் பண்பாட்டு மரபாக ஏற்றது.

சடுகுடு பெற்ற விதிநூல்

சடுகுடுவின் வரலாற்றிலும் ஒரு கியூசாக் காலம் உண்டு. அது தமிழகத்திற்கு வெளியே நிகழ்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகாராட்டிரத்தார் இவ்வாட்டத்திற்கு விதி வகுக்கத் தொடங்கினர். ஆட்டமிழந்தவர் மீண்டும் உயிர்பெற்று வரும் முறை, உயிர்பெறாமல் வெளியே நிற்கும் முறை, ஆட்டமிழந்தும் களத்திலேயே நிற்கும் முறை என்று ஊருக்கொரு முறை இருந்தது. உயிர்பெறும் முறையே பொதுவிதியாயிற்று. அணிக்கு எழுவர் களத்தில். ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். இருபது நிமிடமாக இரு பகுதி. 1936-இல் பெர்லினில் காட்சியாட்டம் நடந்தது. 1950-இல் அனைத்திந்தியக் கபடிக் கூட்டமைப்பு அமைந்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாயிற்று. 2018-இல் ஜகார்த்தாவில் மலேசிய ஆடவர் அணியும் களமிறங்கியது.

ஆக, ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் நம் பாட்டன்மார் ஆடிய ஆட்டம், விதிநூல் பெற்று, வேறு வழியாகச் சுற்றி, நம்மிடமே திரும்பி வந்துள்ளது. வந்ததை வரவேற்போம். ஆனால் அது வந்த வழியில் சில பொருள்களை விட்டுவந்தது. சிகாமட்டிலும் குளுவாங்கிலும் எம்முறையில் ஆடினார்கள்? மூச்சுவிடாமல் பாடிய பாட்டுகள் யாவை? எல்லைக்கோட்டைத் தோட்டத்து மக்கள் எப்பெயரால் அழைத்தனர்? சிலம்ப ஆசான்கள் எவ்வூரிலிருந்து எச்சுவடுகளைக் கொண்டுவந்தனர்? பொதுவிதி நூல் இவற்றுக்கு விடை கூறாது. விடை அறிந்தவர்கள் முதியோர். அவர்கள் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

ஆசிரியர் கடன்

அயர்லாந்தில் தேவாலயப் பங்கு ஆட்டத்தின் அடித்தளமாயிற்று. நமக்கு அத்தகைய அடித்தளம் எது? தோட்டம் மறைந்தது, லயம் மறைந்தது. எஞ்சி நிற்பது தமிழ்ப்பள்ளி. ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டம் அழிந்தபின்னும் அத்தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் ஒரு கழகமாகுமாயின், பள்ளிகள் சேர்ந்து வட்டாரம், வட்டாரங்கள் சேர்ந்து மாநிலம் என்னும் அமைப்புத் தானே உருவாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. சடுகுடுவுக்கு வேண்டியது கோடு கிழிக்க ஒரு சாண் இடமும், ஆட எழுவரும், எதிர்க்க எழுவருமே. மலாய் மாணவரும் சீன மாணவரும் ஆட வந்தால் அது நமக்கு இன்னும் பெருமை. ஓராங் ஏரேயில் பிறர் ஆடுவதால் அது ஐரிஷ் கழகமாக இல்லாமற் போய்விடவில்லையே.

அதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. தமிழாசிரியர் தம் மாணவரிடம் விடுமுறைப் பயிற்சியாக இதனைத் தரலாம்: வீட்டிலுள்ள பாட்டனார், பாட்டியார் இளமையில் எத்தோட்டத்தில் என்ன ஆட்டம் ஆடினர், அதன் விதி யாது, பாடிய சொல் யாது, திடல் எங்கே இருந்தது, அவ்விடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொன்னவாறே எழுதி வரச் செய்யலாம். எழுதியவற்றைப் பள்ளியில் தொகுத்து வைக்கலாம். தர்ல்ஸ் விடுதி அறையில் கூடிய சிலர் செய்ததும் இதையொத்த பணியே. மறைந்துகொண்டிருந்த ஓர் ஆட்டத்தை அவர்கள் காகிதத்தில் ஏற்றினர். பின்னர்க் களத்தில் இறக்கினர். அம்முயற்சியைத் தொடங்கியவர் ஒரு பள்ளியாசிரியர் என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் நினைவிற் கொள்வாராக.